பாட்டுக்கார பிரேசில் – 12: எல்லாம் நரகத்துக்குப் போகட்டும்!

ராபர்ட்டோ கார்லோஸ் என்றதும் நம்மில் பலருக்கு இடது காலால் பந்தை வளைத்தடித்த கால்பந்து வீரர்தான் நினைவுக்கு வருவார். பிரேசிலில் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் வேறொருவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பின்னால் பெரிய ஆர்கெஸ்ட்ரா, முன்னால் உருகி உருகிப் பாடும் காதல் பாட்டு, கச்சேரி முடிந்ததும் ரசிகைகளை நோக்கி வீசப்படும் ரோஜாப்பூக்கள். 1974 முதல் வருடக் கடைசியில் டிவி குளோபோவில் அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் வரும் அவருடைய சிறப்பு நிகழ்ச்சி, அந்த ஊர் கிறிஸ்துமஸின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. அவருக்கு மக்கள் வைத்த பெயர் ‘ராஜா’.

அந்த ராஜாவுக்கு 24 வயதானபோது நாட்டுப் பாதிரியார்களும் இடதுசாரி மாணவர்களும் ஒரே நேரத்தில் அவர்மீது எரிச்சல்பட்டார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒத்துப்போன விஷயங்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. காரணம், 1965ஆம் ஆண்டின் கடைசியில் சிபிஎஸ் கம்பெனி வெளியிட்ட 12 பாட்டுகள் கொண்ட ஓர் எல்.பி. இசைத்தட்டு. பெயர் ‘ஜோவெம் குவார்டா’, அதாவது இளம்படை.

சென்ற வாரம் கோபகபானா கடற்கரை அடுக்குமாடி வீடுகளில் ஜோவாவ் ஜில்பெர்டோவின் மெல்லிய குரலைச் சுற்றி போசா நோவா என்ற இசைப் பாணி வளர்ந்த கதையைப் பார்த்தோம். இந்த வாரக் கதையிலும் அந்தக் கடற்கரை வரும். ஆனால் கதை தொடங்குவது அந்த வீடுகளுக்குள் சேர்த்துக்கொள்ளப்படாத ஒரு பையனிடமிருந்து.

கடிகாரக்காரர் மகன்

எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்தில் கஷோய்ரோ டி இட்டபெமிரிம் என்ற சின்ன ஊர். அப்பா ரொபெர்டினோ கடிகாரம் பழுது பார்ப்பவர். அம்மா லாவ்ரா தையல்காரர். நான்கு குழந்தைகளில் கடைக்குட்டியாக 1941 ஏப்ரல் 19 அன்று பிறந்தார் ராபர்ட்டோ. வீட்டில் ‘சூங்கா’ என்று செல்லப் பெயர்.

1947 ஜூன் 29, புனித பேதுரு திருநாள். ஊரே தெருவில் கூடியிருந்தது. ஆறு வயதுப் பையன் தண்டவாளத்தின் பக்கம் நின்றிருந்தபோது ரயில் என்ஜினில் சிக்கிக்கொண்டான். அங்கிருந்த ஒருவர் தன் வெள்ளை லினன் கோட்டைக் கழற்றிக் காலைக் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் நாடே அறிந்திருந்தும் பாடகர் வாய்விட்டுப் பேசாத விஷயம் இது. பேசாததைப் பாட்டில் வைத்தார்: 1972இல் வந்த ‘ஓ டிவான்’ பாட்டில் அந்த வெள்ளை லினன் வருகிறது.

ஊன்றுகோலோடு வளர்ந்த பையனுக்குப் பாட்டு துணையாயிற்று. ஒன்பது வயதில் உள்ளூர் வானொலி நிலையத்தில் முதல்முறையாக மைக் பிடித்தான். பாடியது ஸ்பானிய மொழியில் ஒரு பொலேரோ. பொலேரோ என்றால் கியூபாவில் பிறந்து மெக்சிகோவில் வளர்ந்து லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவிய, காதலையும் பிரிவையும் கண்ணீர் ததும்பச் சொல்லும் பாட்டு வகை. பிரேசில் வானொலியின் பொற்காலத்தில் ஊர் ஊராக ஒலித்தது அதுதான். இந்தப் பொலேரோவை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 15 வருடம் கழித்து மின்சார கிடாருக்கு நடுவில் அது திரும்பத் தலைகாட்டப்போகிறது.

மாடோசோ தெருப் பையன்கள்

1950களின் நடுவில் ரியோ பக்கம் வந்து சேர்ந்த ராபர்ட்டோவுக்கு, நகரின் வடபகுதியில் டிஜுக்கா பேட்டையில் சேர்மானம் கிடைத்தது. மாடோசோ தெருவும் அங்கிருந்த ‘டிவினோ’ என்ற பாரும்தான் அந்தப் பையன்களின் அரட்டை மடம். அங்கே வந்துபோனவர்களின் பெயர்களைப் பாருங்கள்: பின்னாளில் பிரேசிலுக்கு சோல் இசையைக் கொண்டுவந்த டிம் மாயா, சாம்பாவுக்குப் புது நடை கொடுத்த ஜார்ஜ் பென், பிறகு எராஸ்மோ எஸ்டெவிஸ். ஒரு தெருமுனையிலிருந்து இத்தனை பேரா என்று இன்றும் அந்த நாட்டுக்காரர்களே ஆச்சரியப்படுவதுண்டு.

1957இல் டிம் மாயாவும் ராபர்ட்டோவும் ‘ஸ்புட்னிக்ஸ்’ என்ற குழுவில் ஒன்றாகப் பாடினார்கள். சண்டை வந்து கொஞ்ச நாளில் அது கலைந்தது. அடுத்த ஆண்டு ‘ஹவுண்ட் டாக்’ பாட்டின் வரிகள் ராபர்ட்டோவுக்குத் தேவைப்பட்டன. எல்விஸ் பிரெஸ்லி பற்றி வரும் துண்டுத் தாள்களையெல்லாம் சேர்த்துவைக்கும் ஒருவன் இருக்கிறான் என்று நண்பர் ஒருவர் எராஸ்மோவிடம் கூட்டிப்போனார். அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்த கூட்டு அரை நூற்றாண்டைத் தாண்டி நீடித்தது. எராஸ்மோ பின்னால் தன் பெயரோடு ‘கார்லோஸ்’ என்பதைச் சேர்த்துக்கொண்டதற்கு நண்பர் ராபர்ட்டோ ஒரு காரணம், இவர்கள் எல்லாரையும் டிவியில் ஏற்றிவிட்ட கார்லோஸ் இம்பீரியல் இன்னொரு காரணம். இம்பீரியலும் கஷோய்ரோக்காரர்தான். ஊர்ப் பாசம் இல்லாமல் போகுமா?

ஆனால் முதலில் ராபர்ட்டோ போக நினைத்த வழி ராக் அல்ல. கோபகபானாவில் பிளாசா என்ற இரவு விடுதியில் ஜில்பெர்டோவைப் போலவே குரலைத் தாழ்த்தி போசா நோவா பாடிக்கொண்டிருந்தார். 1959இல் வந்த முதல் தட்டும் அந்தப் பாணிதான். கடற்கரைப் பக்கத்து வசதியான வீட்டுப் பிள்ளைகள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அசல் இருக்கும்போது நகல் எதற்கு என்பது அவர்கள் நினைப்பு. 1961இல் சிபிஎஸ் வெளியிட்ட ‘லோகோ போர் வோசே’ என்ற முதல் எல்.பி.யும் விலைபோகவில்லை. அதன் அட்டையில் பாடகரின் படம்கூடக் கிடையாது. பிற்பாடு ராஜாவான பிறகும் அந்தத் தட்டை மறுபடி அச்சிட அவர் சம்மதிக்கவே இல்லை. பழைய தட்டு சேகரிப்பவர்கள் அதைத் தேடித் தவிப்பதற்கு இதுவே காரணம்.

மொழிபெயர்ப்பில் கற்ற தொழில்

சிபிஎஸ்ஸிடம் அப்போது செர்ஜியோ முரிலோ என்ற இளம் ராக் பாடகர் இருந்தார். அவருக்கும் கம்பெனிக்கும் முட்டிக்கொண்டது. காலியான இடத்துக்கு ஆள் தேவைப்பட, பொறுப்பிலிருந்த எவாந்த்ரோ ரிபெய்ரோ கையிலிருந்த ராபர்ட்டோவையே அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

பிரேசிலில் ராக் அதற்குள் பத்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1955இலேயே நோரா நெய் என்ற வானொலிப் பாடகி ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ பாட்டை ஆங்கிலத்திலேயே பாடிப் பதிவுசெய்திருந்தார். 1959இல் செல்லி காம்பெல்லோ என்ற இளம்பெண் ஓர் அமெரிக்கப் பாட்டின் போர்த்துக்கீசிய வடிவத்தில் கொடிகட்டிப் பறந்துவிட்டு, 1962இல் கல்யாணம் செய்துகொண்டு ஒதுங்கினார். வெளிநாட்டு மெட்டுக்கு உள்ளூர் வார்த்தை போடுவதுதான் அன்றைய தொழில்முறை. ராபர்ட்டோவும் எராஸ்மோவும் அதிலிருந்துதான் பாட்டெழுதக் கற்றார்கள்.

எப்படிக் கற்றார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். பாபி டேரின் பாடிய ‘ஸ்பிளிஷ் ஸ்பிளாஷ்’ அமெரிக்காவில் குளியல் தொட்டியில் நடக்கும் கதை. தண்ணீர் தெறிக்கும் சத்தம்தான் பாட்டின் தலைப்பு. 1963இல் எராஸ்மோ எழுதிய போர்த்துக்கீசிய வடிவத்தில் குளியலறையே காணோம். சினிமாக் கொட்டகை இருட்டில் பையன் பெண்ணுக்கு முத்தம் கொடுக்கிறான், அந்தச் சத்தம் ஸ்பிளிஷ் ஸ்பிளாஷ். அடுத்த நொடி கன்னத்தில் அறை விழுகிறது, அதே சத்தம். மெட்டு அப்படியே, சத்தமும் அப்படியே. கதை மட்டும் ரியோவின் புறநகருக்கு வந்துவிட்டது.

1964இல் வந்த ‘ஓ கல்யம்பெக்கி’ இதற்கும் ஒரு படி மேல். ஜான் லவுடர்மில்க் எழுதிய அமெரிக்கப் பாட்டு ஒன்றின் மெட்டு. கேடில்லாக் காரை மெக்கானிக்கிடம் விட்ட பையனுக்கு, அதுவரை ஓட்டிக்கொள்ள ஒரு டப்பா வண்டி தரப்படுகிறது. முதலில் வெட்கம். ஆனால் பெண்களுக்கு அந்த டப்பாவைத்தான் பிடிக்கிறது. கேடில்லாக் தயாரானபோது பையனுக்கு அது வேண்டியதாக இல்லை. இதற்கிடையில், 1963இலேயே, இருவரும் சேர்ந்து மெட்டும் வரியும் சொந்தமாகப் போட்ட ‘பரெய் நா கொன்ட்ரமாவ்’ வந்துவிட்டது. அழகான பெண்ணைப் பார்த்த அவசரத்தில் எதிர்த் திசையில் வண்டியை நிறுத்திப் போலீஸ்காரரிடம் மாட்டிக்கொள்ளும் கதை. இரவல் மெட்டுகளோடு சொந்தச் சரக்கும் சேர ஆரம்பித்திருந்தது.

கால்பந்து விட்டுப்போன ஞாயிறு

நல்ல பாட்டு இருந்தால் மட்டும் போதாது, நேரமும் கூடி வர வேண்டும் அல்லவா? அந்த நேரத்தைக் கொடுத்தது கால்பந்து.

சாவ் பாவ்லோவின் டிவி ரெக்கார்ட் நிலையம் ஞாயிறு பிற்பகல்களில் கால்பந்து ஆட்டங்களை நேரடியாக ஒளிபரப்பி வந்தது. மைதானத்துக்கு வரும் கூட்டம் குறைகிறது என்று கால்பந்து நிர்வாகம் அதற்குத் தடை போட்டது. வாரத்தின் மிகச் சிறந்த நேரம் வெறுமனே கிடந்தது. இளைஞர்களுக்கான இசை நிகழ்ச்சி ஒன்றைப் போடலாம் என்று நிலையம் முடிவுசெய்தது. செல்லி காம்பெல்லோவை அழைத்துப் பார்த்தார்கள், ஒதுங்கிய அவர் திரும்பி வரவில்லை. கடைசியில் ராபர்ட்டோ, எராஸ்மோ, வாண்டர்லேயா என்ற பாடகி மூவரையும் முன்னிறுத்தி 1965 ஆகஸ்ட் 22 அன்று ‘ஜோவெம் குவார்டா’ தொடங்கியது.

நிகழ்ச்சிக்குப் பின்னால் ஒரு விளம்பர நிறுவனம் இருந்தது: மகால்டி, மாயா, ப்ரோஸ்பெரி. பெயரை லெனினின் ஒரு வாசகத்திலிருந்து எடுத்ததாகப் பங்குதாரர் கார்லிட்டோ மாயா சொல்லி வந்தார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பத்திரிகைப் பத்தி வந்துகொண்டிருந்தது, அதிலிருந்துதான் எடுத்தார்கள் என்பாரும் உண்டு. எப்படியோ, முந்தின வருடம்தான் இடதுசாரி அபாயம் என்று சொல்லி ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்த நாட்டில், லெனின் பெயரால் கால்சட்டை விற்றார்கள் என்ற கதை சுவையானதுதான். கால்சட்டை விற்றது மெய். டப்பா வண்டிப் பாட்டின் பெயரையே முத்திரையாக்கி, ‘கல்யம்பெக்கி’ என்ற பெயரில் கால்சட்டை, பாவாடை, பை என்று சந்தைக்கு விட்டார்கள். பாடகரின் பெயரில் இளைஞர்களுக்குப் பொருள் விற்கும் வணிகம் பிரேசிலில் இந்த அளவுக்கு நடந்தது அப்போதுதான்.

கொன்சொலசாவ் தெருவில் இருந்த ரெக்கார்ட் அரங்கின் முன்னால் ஞாயிறுதோறும் கூட்டம் நெரிந்தது. நேரடி ஒளிபரப்பு சாவ் பாவ்லோவுக்கு மட்டும்தான். மற்ற நகரங்களுக்கு வீடியோ நாடாவில் நிகழ்ச்சி போய்ச் சேர்ந்தது. டிவி எட்டாத ஊருக்கு வானொலியும் தட்டும் எட்டின. வருடம் முடிவதற்குள் அதே பெயரில் எல்.பி.யும் வந்தது. டிவி முகத்தைக் கொடுக்க, தட்டு மீதி ஆறு நாளும் குரலைக் கொடுத்தது.

ஊசியை வைத்தால்

முதல் பக்கத்தின் முதல் பாட்டே குண்டு: ‘கேரோ கே வா டூடோ ப்ரோ இன்ஃபெர்னோ’. எல்லாமே நரகத்துக்குப் போகட்டும் என்பது பொருள்.

கேட்டவுடன் ஏதோ கலகப் பாட்டு என்று தோன்றும். கதை வேறு. ராபர்ட்டோவின் காதலி அப்போது அமெரிக்காவுக்குப் போயிருந்தார். குளிர் காலம். வெளியே வானமும் வெயிலும் எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன், கார் இருந்து சொகுசு இருந்து என்ன பயன், நீ பக்கத்தில் இல்லையே என்று புலம்பும் பாட்டு அது. அவள் வந்து தன் குளிரைப் போக்கினால் போதும், மற்றதெல்லாம் எக்கேடும் கெடட்டும் என்று முடிகிறது. வரிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் சுத்தமான பொலேரோ. வானொலியில் ஒன்பது வயதுப் பையன் பாடிய அதே பிரிவுத் துயரம். வித்தியாசம், பொலேரோ நாயகன் அழுவான், இவன் கோபப்படுகிறான். அந்த ஒரு மாற்றத்தில்தான் ஒரு தலைமுறை தன் குரலைக் கேட்டது.

கோபத்துக்கு ஒலி கொடுத்தவர் லாஃபாயெட் என்ற இளைஞர். எராஸ்மோவின் ஒரு பதிவுக்குப் பியானோ வாசிக்க வந்தவர், ஸ்டூடியோவில் சும்மா கிடந்த ஹாமண்ட் ஆர்கனில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தார். அந்தக் காலத்தில் பிரேசிலில் ஆர்கன் என்றால் தேவாலயம், இல்லையென்றால் நடன விடுதி. இளைஞர் பாட்டுக்கு அநேகமாக யாரும் அதைத் தொட்டதில்லை. சத்தம் பிடித்துப்போக ராபர்ட்டோ தன் பதிவுகளுக்கும் அவரைக் கூட்டிக்கொண்டார். கூர்மையாக, கொஞ்சம் மூக்கால் பேசுவதுபோல, குரல் வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் குறுக்கே பாயும் அந்த ஆர்கன்தான் இந்தத் தட்டின் கையெழுத்து. லிவர்பூலிலிருந்து வந்த பாட்டுகளில் கிடார் செய்த வேலையை இங்கே பெரும்பாலும் ஆர்கன் செய்தது. இதைக் கவனித்தால் ‘பீட்டில்ஸ் காப்பி’ என்ற வசை எவ்வளவு மேலோட்டமானது என்று புரியும்.

மற்றப் பாட்டுகளில் ஒரு பதின்பருவத்து வாரம் முழுவதும் ஓடுகிறது. ‘லோபோ மாவ்’ பாட்டில் ஊர்ப் பெண்களையெல்லாம் மயக்கும் ஓநாய், மெட்டு டியோன் பாடிய ‘த வாண்டரர்’. ‘நாவ் எ பாப்போ ப்ரா மிங்’ பாட்டில் கல்யாணப் பேச்சைக் கண்டு ஓடும் இளைஞன். கெட்டூலியோ கோர்டஸ் எழுதிய ‘பேகா லத்ராவ்’ பாட்டில் வாசலில் பெண்ணோடு நிற்கும்போது திருடன் திருடன் என்ற கூச்சல். ‘மெஷெரிக்கோஸ் டா காந்திஞ்ஞா’, சினிமா, வானொலிக் கிசுகிசு எழுதி நாடு முழுவதும் பேர்போன ஒரு பத்திரிகைப் பத்திக்குப் பதிலடி. தலைமுடியைப் பார், உடையைப் பார் என்று தன்னைப் பற்றி என்னவெல்லாம் எழுதுகிறார்கள் என்று பாடகரே பட்டியல் போட்டுச் சிரிக்கிறார்.

நடுவில் ‘கொயிம்ப்ரா’. இது போர்த்துக்கல் நாட்டுப் பழைய ஃபாடோ பாட்டு. பாட்டி காலத்துப் பாட்டை ராக் குழுவை வைத்துப் பாடுகிறார். விற்பனைக்காகச் செய்ததாக இருக்கலாம். ஆனாலும் அதைக் கேட்கும்போதுதான் இந்த இளைஞனின் அடிமனம் எந்த ஊர் என்று தெரிகிறது. மேலே தோல் ஜாக்கெட், உள்ளே அம்மாவோடு சேர்ந்து வானொலி கேட்ட பையன். ராபர்ட்டோவின் வெற்றி ரகசியம் இதுவே என்பது என் வாதம். ராக் பாடிய மற்றவர்கள் பிள்ளைகளை மட்டும் பிடித்தார்கள். இவருடைய தட்டைப் பிள்ளைகள் வாங்க, திட்டிக்கொண்டே கேட்ட பெற்றோர்களும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். 1970களில் அவர் கிடாரைக் கீழே வைத்துவிட்டு முழுநேரக் காதல் பாடகரானபோது பலர் அதை மாற்றம் என்றார்கள். 1965லேயே அந்தக் காதல் பாடகர் உள்ளேதான் இருந்தார்.

இரு பக்கமும் அடி

கத்தோலிக்க நாட்டில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் நரகம் நரகம் என்று பாடினால் தேவாலயம் சும்மா இருக்குமா? கண்டனம் எழுந்தது. 1966இல் வந்த அடுத்த எல்.பி.யின் முதல் பாட்டு ‘எவு டே டரேய் ஓ செவு’, உனக்குச் சொர்க்கத்தைத் தருவேன். சமாதானக் கொடி என்று சொல்லாமல் விளங்கியது. அதே தட்டில் ‘கேரெங் அகபார் கொமிகோ’, என்னை ஒழித்துக்கட்டப் பார்க்கிறார்கள், என்ற பாட்டும் இருக்கிறது.

அந்த இரண்டாவது பாட்டை மறுபக்கத்து இடதுசாரிகளுக்கான பதிலாக எடுத்துக்கொள்ளலாம். 1964 ஏப்ரல் தொடக்கத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1965 அக்டோபரில் இரண்டாவது நிறுவனச் சட்டம் போட்டுப் பழைய கட்சிகளையெல்லாம் கலைத்தது. நாரா லியாவ் போன்ற பாடகர்கள் சேரிப் பாட்டுக்காரரையும் வடகிழக்குப் பகுதிக்காரரையும் மேடையேற்றி எதிர்ப்புக் குரல் எழுப்பிக்கொண்டிருந்த நேரம். அப்போது காரையும் காதலையும் பாடும் ஒருவன் நாட்டின் முதலிடத்தில் இருந்தால் மாணவர்களுக்கு எரியாதா? வெளிநாட்டு மோகம், அரசியல் அக்கறையற்ற கூட்டம் என்று திட்டினார்கள். ராபர்ட்டோ அரசியல் பேசவில்லை என்பது உண்மை. ஆட்சியை எதிர்த்து அவர் மேடையேறியதும் இல்லை. அந்தக் குறையை மறைக்கத் தேவையில்லை.

அதே டிவி ரெக்கார்டில் பாடகி எலிஸ் ரெஜினா நடத்திய ‘ஓ ஃபினோ டா போசா’ நிகழ்ச்சியும் இருந்தது. 1965 மே மாதம் தொடங்கி உச்சத்தில் இருந்த அந்த நிகழ்ச்சி, 1966இல் இளம்படைக்கு முன்னால் மங்கிப்போனது. ஒரே முதலாளி, இரண்டு நிகழ்ச்சி, இரண்டு கட்சி. 1966இல் டிவி தொகுப்பாளர் ஷக்ரிஞ்ஞா, ராபர்ட்டோவின் தலையில் கிரீடம் வைத்து இளைஞர்களின் ராஜா என்று அறிவித்தபோது எதிர்முகாம் கொதித்தது.

அந்த எதிர்முகாமிலேயே ஒரு பெண் வேறு மாதிரி நினைத்தார். பாயியா மாநிலத்திலிருந்து வந்த பாடகி மரியா பெத்தானியா. அண்ணனைக் கூப்பிட்டு ராபர்ட்டோவின் நிகழ்ச்சியைக் கட்டாயம் பார்க்கச் சொன்னார், உயிர்த்துடிப்பு அங்கேதான் இருக்கிறது என்று. அண்ணன் பார்த்தார். அவர் பெயர் கயத்தானோ வெலோசோ. பிரேசில் இசையின் அடுத்த கலகத்துக்கு ஒரு பொறி இங்கிருந்து விழுந்தது. கயத்தானோ ராணுவ ஆட்சியால் லண்டனுக்கு நாடுகடத்தப்பட்டிருந்தபோது, அரசியலே பேசாத ராபர்ட்டோ அங்கே போய் அவரைப் பார்த்தார். திரும்பி வந்து அவரை நினைத்து 1971இல் ஒரு பாட்டு போட்டார். யாரைப் பற்றியது என்று பாட்டில் பெயர் இல்லை. சுருட்டை முடி மட்டும் இருந்தது.

நரகப் பாட்டுக்கு நேர்ந்த கதி இன்னும் விசித்திரம். அமங்கலச் சொற்களையும் சில நிறங்களையும் விலக்கும் மனச்சிக்கல் ராபர்ட்டோவுக்கு வயதோடு வலுத்தது. தனக்கு இருப்பது ஓசிடி என்று பின்னாளில் அவரே சொன்னார். தன்னை ராஜாவாக்கிய பாட்டை, அந்த ஒரு சொல்லுக்காகப் பல பத்தாண்டுகள் மேடையில் பாடாமலே இருந்தார். சிகிச்சை எடுத்துக்கொண்ட பிறகு 2016இல்தான் டிவி நிகழ்ச்சியில் மறுபடி பாடினார். பாதிரியார்களால் நிறுத்த முடியாத பாட்டைப் பாடியவரே நிறுத்தி வைத்திருந்தார்!

ஆனால் 1967இல் யாரும் அடங்குவதாக இல்லை. ஜூலை 17 அன்று சாவ் பாவ்லோவின் சாவ் பிரான்சிஸ்கோ சதுக்கத்திலிருந்து பாரமவுண்ட் அரங்கை நோக்கி ஓர் ஊர்வலம் கிளம்பியது. முன்வரிசையில் எலிஸ் ரெஜினா. கூடவே நடந்தவர்களில் பாடகர் ஜில்பெர்டோ ஜில்லும் ஒருவர். கோரிக்கை: பிரேசில் இசையில் மின்சார கிடார் வேண்டாம். ஓட்டல் ஜன்னல் ஒன்றிலிருந்து நாரா லியாவும் கயத்தானோவும் அதை வேடிக்கை பார்த்தார்கள், சேர்ந்து நடக்கவில்லை. மூன்றே மாதத்தில், அக்டோபரில், ஊர்வலத்தில் நடந்த அதே ஜில் மின்சார கிடார்களோடு மேடையேறினார். எதனால் மனம் மாறினார்? அவரோடு மேடையேறிய மூன்று இளசுகள் யார்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)